இருபத்திரண்டு நிமிடம் என்று சரியாகவே கணித்தவருக்கு

ஒளியை அளந்த வித்தகியே! ஓய்வென்பதை ஒருநாளும் அறியாத உழைப்பாளியே! இருபத்தேழு ஆண்டுகள் எங்கள் ஸ்காபரோ நிழற்படக்கூடத்தின் இருட்டறையை ஆண்ட அரசியே, பாலேஸ்வரி அன்ரி அவர்களே! இருட்டறையின் விளக்கே என்றுதான் முதலில் எழுதினோம். இருட்டறையில் விளக்கேற்றினால் தாங்கள் எப்படித் திட்டுவீர்கள் என்பது நினைவுக்கு வர, அழித்துவிட்டோம்.

பனிப்புயலிலும் பணி தவறாத பண்பாளரே! மோர்னிங்சைட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, முகம் சுளிக்காமல் மூவர் வேலையை ஒருவராய்ச் செய்தவரே! கொண்டுவந்த புட்டில் பாதியை எங்களுக்கே தந்துவிட்டு, பசிக்கவில்லை என்று பச்சைப்பொய் சொன்னவரே! முதலாளி றிச்சர்ட் எங்களிடம் கேட்ட மடல் இவ்வளவுதான். மிச்சம் நாங்களாக எழுதியது.

சபையோருக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். வெளிச்சம் மிகக் குறைந்த இடத்தில் பிலிம் சோம்பல்படும். லென்ஸை எவ்வளவு நேரம் திறந்து வைப்பதென்று லைட்மீற்றர் காட்டும் நேரம் அதற்குப் போதாது; இன்னும் கூட்ட வேண்டும். எந்த பிலிமுக்கு எவ்வளவு கூட்டுவது என்பதைச் சோதித்துச் சோதித்துக் கணித்தவர் தாங்கள். மீற்றர் சொன்ன நேரத்தைப் பென்சிலாலும், உண்மையில் கொடுக்க வேண்டிய நேரத்தைப் பேனையாலும் ஒரே அட்டையில் எழுதுவது தங்கள் வழக்கம்.

சென்ற மாசியில், தங்கள் சிநேகிதி மரியம்மா அவர்களின் காலஞ்சென்ற கணவர் தேவாலய மண்டபச் சுவரில் பதினொரு வருடமாய் வரைந்த ஓவியம், மண்டபத்தோடு மறுநாள் இடிபட இருந்தது. செல்போன் படம் உள்ளங்கையளவுக்குத்தான் உதவும். சுவரளவுக்குப் பெருப்பிப்பதற்காகப் பெரிய பிலிமில் ஆறு துண்டுகளாக எடுக்க, புதிதாய்ச் சேர்ந்த நாங்கள் இருவரும் தங்களோடு போனோம். மின்சாரம் துண்டிக்கப்பட்டு, ஜன்னல் வெளிச்சம் மட்டுமே இருந்தது. தாங்கள் அளந்து எழுதினீர்கள்: பென்சிலால் நான்கு நிமிடம், பேனையால் இருபத்திரண்டு. கண் டொக்டரிடம் புறப்படும்போதும், “பேனையாலை எழுதினதைப் பாருங்கோ, பிள்ளையள்” என்று சொல்லிவிட்டே போனீர்கள்.

ஹீற்றர் இல்லாத மண்டபம். கால் விறைத்தது. ஆறு படத்துக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நிற்க வேண்டும். “அன்ரி எப்பவும் கூட்டித்தான் எழுதுவா. மீற்றர் பொய் சொல்லுமே? கெதியா முடிச்சிட்டு வெளிக்கிடுவம்” என்றாள் நிலாணி. “ஓம்” என்றான் ஹிஷாம். ஒவ்வொன்றுக்கும் நான்கு நிமிடமே கொடுத்தோம். மறுநாள் கழுவிப் பார்த்தபோது, ஜன்னலோரமாய் இருந்த இரண்டு முகங்கள் மங்கலாகத் தெரிந்தன. மற்றதெல்லாம் வெறும் பிளாஸ்ரிக். அதற்குள் சுவரும் விழுந்திருந்தது.

பெருந்தகையே! அப்போது தாங்கள் என்ன செய்தீர்கள்? பேனையால் எழுதிய இருபத்திரண்டை வெட்டி, நான்கு என்று தங்கள் கையாலேயே திருத்தி, பிழையைத் தங்களுடையதாக்கினீர்கள். “உங்களுக்கு இப்பதானே வேலை கிடைச்சது. எனக்கு அறுபத்தினாலு. உதைப்பற்றி இனி ஒருத்தரும் கதைக்கப்படாது” என்றீர்கள். இன்னும் மூன்று வருடம் வேலை செய்ய இருந்தவருக்கு இந்தப் பொன்னாடை ஏன் இப்போதே வந்தது என்று சபையோர் அறியட்டும். தங்களோடு ஒரே மாடியில் குடியிருந்து, ஒன்றாகவே கடைக்குப் போய்வந்த மரியம்மா அவர்கள், தாங்கள் நிற்கும் லிஃப்டில் இப்போது ஏறுவதில்லை. அதையும் பார்த்துக்கொண்டு, வாய் திறக்காமல் நான்கு மாதம் சம்பளம் எடுத்தோம். எங்களை நினைக்க எங்களுக்கே அருவருப்பாக இருக்கிறது.

கடைசி வரிசையில் இருக்கும் மரியம்மா அவர்களே! நாங்கள் கெஞ்சியதால் வந்தீர்கள். உங்கள் கணவரின் சுவர் உங்கள் சிநேகிதியின் கையால் போகவில்லை. எங்கள் கையால் போனது. இதைச் சொல்வதால் அது திரும்பி வராது என்பதும் தெரியும்.

நோய்நொடி அணுகாது நெடுங்காலம் நிறைவாய் வாழ்க என்று தங்களை வாழ்த்தும் தகுதி எங்களுக்கில்லை. ஆனாலும் வாழ்த்துகிறோம், அன்ரி. தருவதற்கு எங்களிடம் வேறெதுவும் மிச்சமில்லை. இந்த மடலைச் சட்டம் போட்டே தருகிறோம். தங்கள் வீட்டில் மாட்ட வேண்டாம். முடிந்தால் மரியம்மா அவர்களின் கதவைத் தட்டிக் கொடுங்கள். அவர் கதவைத் திறப்பாரோ எங்களுக்குத் தெரியாது.

இங்ஙனம்,
நான்கு நிமிடத்தில் லென்ஸை மூடிய நிலாணி
பக்கத்தில் நின்று “ஓம்” சொன்ன ஹிஷாம்