அத்தை கடித்துப் பார்த்த கறி

கிழட்டுக் கிடாக்கறி என்றால் எனக்குக் கொள்ளை ஆசை. இளங்கறியை யார் வேண்டுமானாலும் வேகவைத்துவிடலாம். கம்பைநல்லூர்ச் சந்தையில் யாரும் சீந்தாத கிடாவைக் கொடுத்துப் பாருங்கள், பஞ்சாக்கித் தருகிறேன். பச்சைப் பப்பாளிக்காயைத் தோலோடு அரைத்துத் தடவி, அளவாக ஊறவிட்டு, விறகடுப்பில் நிதானமாக வேகவிட வேண்டும். அதிகம் ஊறினால் கூழாகிவிடும். அவ்வளவுதான் சூட்சுமம்.

என் மாமியார் சின்னம்மாளைப் பற்றிக் கேட்கத்தானே வந்தீர்கள்? நாத்தனார் சோபனா சொல்லி அனுப்பியிருப்பாள். அதையும் சொல்கிறேன், மறைக்க என்ன இருக்கிறது?

எங்கள் வகையறாவில் ஒரு வழக்கம். யார் வீட்டுக் கிடா விருந்தானாலும், மூத்த வீட்டு மருமகள் ஒரு துண்டைக் கடித்துப் பார்த்து "வெந்துடுச்சு" என்று சொன்னால்தான் அண்டா இறங்கும். கரண்டியும் அவள் கையில்தான். யாருக்கு ஈரல், யாருக்கு எலும்பு என்பதெல்லாம் அவள் வைத்ததுதான் சட்டம். கடிக்கப் பல் இல்லாமல் போனால் கரண்டி அடுத்த மருமகளுக்கு வரும். அடுத்தவள் நான்தான். அத்தைக்கோ அறுபதைத் தாண்டியும் ஒரு பல் ஆடவில்லை. கரும்பைப் பல்லாலேயே உரித்துத் தின்பார்.

அரைப்பது நான், ஊறவைப்பது நான், புகையில் கண்ணெரிய நிற்பது நான். பேர் மட்டும் அத்தைக்கு. பந்தியில் என் இலைக்கு வருவது சவ்வும் கொழுப்பும். "அடுத்த தடவ நல்ல துண்டாப் போடறன் புள்ள" என்று சிரிப்பார். அந்தப் பல்வரிசையைப் பார்த்துக்கொண்டே நான் சவ்வை மெல்லுவேன்.

வீட்டில் வைக்கிற கறியையும் அத்தைதான் கடித்துப் பார்ப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, முன்னங்கால் நரம்புத் துண்டு ஒன்றில் மட்டும் பப்பாளி தடவாமல் விட்டேன். உள்ளே எலும்புச் சில் இருந்தது எனக்குத் தெரியும். கடைசிக் கொதியில் போட்டு, அதையே எடுத்து அத்தையின் உள்ளங்கையில் வைத்தேன்.

"இன்னும் வேகல புள்ள."

"மத்ததெல்லாம் வெந்துடுச்சுங்க அத்த. உங்களுக்குத்தான் கடிக்க முடியலிங்களோ?"

"யாரப் பாத்துடி கேக்கற?"

மறுபடியும் கடித்தார். கடைவாய்ப் பல்லில் ஒரு மூலை தெறித்தது. வாரா வாரம் இதேதான். அத்தையை ஒரு நாளும் நான் வற்புறுத்தியதில்லை. முடியவில்லையா என்று மட்டும் கேட்பேன், மீதியை அவரே பார்த்துக்கொள்வார். அத்தனை ரோசக்காரர்.

முனியப்பன் கோயில் கிடா வெட்டுக்குள் முன்பற்களும் ஆட ஆரம்பித்திருந்தன. வகையறா மொத்தமும் அண்டாவைச் சுற்றி நிற்க, அத்தை துண்டைக் கடித்து இழுத்தார். கறி வரவில்லை, பல் வந்தது.

"பெரிம்மா, கெடா உன்னயத் திருப்பிக் கடிச்சுடுச்சா?" என்றான் பங்காளி குப்புராஜ். கூட்டமே விழுந்து விழுந்து சிரித்தது. பொய் சொல்வானேன், நானும்தான் சிரித்தேன். அத்தை ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மறு கையால் கரண்டியை என்னிடம் நீட்டினார். அன்றைக்கு என் இலையில் நானே ஈரலைப் போட்டுக்கொண்டேன். அடேயப்பா, என்ன ருசி.

மிச்சப் பல்லும் நிற்காது என்று தர்மபுரியில் டாக்டர் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டார். அதோடு விட்டிருக்கலாம். என் வீட்டுக்காரர் வீரமணி, அம்மாமேல் உயிரையே வைத்திருப்பவர், பல்செட் வாங்கி வந்துவிட்டார். அத்தை கண்ணாடி முன் நின்று குழந்தைமாதிரி இளித்துப் பார்த்தார். அடுத்த கிடா விருந்துக்குத் தானே வந்து கடித்துப் பார்ப்பதாக வாசலில் போகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

நான் அந்தப் பல்செட்டைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். சுத்தம் செய்யத்தான் என்று வீட்டில் சொன்னேன். வெந்நீர் பட்டால் கோணிப்போகும், போடவே கூடாது என்று டாக்டர் என்னிடம்தான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இரண்டாவது செட் வந்தது. அதையும் போட்டேன். அத்தை அடுப்பங்கரை நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வீரமணியிடம்கூடச் சொல்லவில்லை. மூன்றாவது செட் வேண்டாமென்று அவரே தலையாட்டிவிட்டார்.

இப்போது அத்தைக்கென்று தனியாகக் கறியைப் பப்பாளியில் கூழாகும்வரை ஊறவிட்டு, வேகவைத்து, நானே பிசைந்து ஊட்டுகிறேன். ஊரில் எந்த மருமகள் இப்படிச் செய்வாள், சொல்லுங்கள். கவளத்தைக் கொண்டுபோனால் சுவரோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டு, உதட்டை இறுக்கி மூடிக்கொள்கிறார். என்னைக் கண்டாலே அம்மா பயந்து சாகிறாள் என்று சோபனா ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள். பயமெல்லாம் ஒன்றுமில்லைங்க. பல் போய்விட்டால் யாருக்கும் முகம் அப்படித்தான் ஆகிவிடும்.