பென்னியின் புது நம்பர்

ஃபேனை உங்கள் பக்கமே திருப்பிக்கொள்ளுங்கள் சார். எனக்கு இப்போதெல்லாம் வேர்ப்பதில்லை. அந்த ஊர்க் குளிரில் கிடந்துவிட்டு வந்த பிறகு கும்மிடிப்பூண்டி வெயில் உடம்பில் ஏறுவதே இல்லை.

வசந்தகுமார் எப்படிப் போனான் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் என் மச்சான் பென்னியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் என்னைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள்.

வீடு புதுவாயலில். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வெல்டராக இருந்தேன். வெளிநாட்டில் கோடவுன் வேலை என்று ஒரு ஏஜென்ட் சொன்னதை நம்பிப் போனேன். இறங்கியதும் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள். படிக்கத் தெரியாத எழுத்தில் ஒரு காகிதம் நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டேன். கொஞ்ச நாளில் என் கையில் துப்பாக்கி இருந்தது. யாருக்கு யார் மேல் கோபம் என்றுகூட எனக்குத் தெரியாது.

காலாட்படையில் எங்களைப் போன்ற வெளியாட்களை முதலில் வெட்டவெளியில் நடக்க விடுவார்கள். எதிரி சுடுவான். எங்கிருந்து சுடுகிறான் என்று பின்னால் இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மிஞ்சியவர்கள் பதுங்கும் பள்ளத்துக்குத் திரும்பி வந்து, உறைந்த தண்ணீர் மேல் உட்கார்ந்திருப்போம். ஓடப் பார்த்த ஒருவனை எங்கள் ஆட்களே சுட்டார்கள். அதனால் ஓடுவதைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

எங்கள் அதிகாரிக்கு அரைகுறையாக இங்கிலீஷ் வரும். ஒருநாள் கூப்பிட்டு, உன் இடத்துக்கு ஓர் ஆள் வந்தால் நீ போகலாம் என்றான். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. கம்பெனியிலும் அடுத்த ஷிஃப்ட் ஆள் வந்தால்தானே நம்மை விடுகிறார்கள்?

வேறு யாரைக் கூப்பிட்டாலும் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். பென்னி கேட்க மாட்டான். என் மனைவி ஏஞ்சலினுடைய தம்பி. தாய் இல்லாமல் அவள் இடுப்பிலேயே வளர்ந்தவன். கவரைப்பேட்டைப் பக்கம் ஓர் இரும்புக் கம்பி மில்லில் ஃபர்னஸ் அருகே நிற்கிற வேலை. அதிகாரியின் போனிலிருந்தே பேசினேன்.

“வேலை இன்னா மாமா?”

“மூட்டை எடுத்து அடுக்கணும். குளுருதான் கொஞ்சம் ஜாஸ்தி.”

“ஃபர்னஸாண்ட நின்னுகினு ஒடம்பே வெந்துபூடுது. குளுருன்னா நல்லதுதான். அக்காவாண்ட நீயே சொல்லிடு.”

சொன்னேன். ஏஞ்சலின் சந்தோஷப்பட்டாள். தம்பிக்குத் துணையாக நான் இருக்கிறேன் அல்லவா?

வந்த அன்று என்னை யூனிஃபார்மில் பார்த்துச் சிரித்தான். “இன்னா மாமா, செக்யூரிட்டி மாதிரி கீற?” என்றான். அக்கா கட்டிக்கொடுத்த நெத்திலிக் கருவாட்டைப் பையிலிருந்து எடுத்தான். எனக்கான வண்டி நின்றுகொண்டிருந்தது. அவனுடைய கையுறை மெல்லிசாக இருந்தது. என்னுடையதைக் கழற்றி அவனுக்கு மாட்டிவிட்டேன்.

“நீ எங்க போற?”

“ஒரு பேப்பர்ல கையெழுத்து போட்டுட்டு வந்துடறேன். இவங்க சொல்றத கேட்டுகினு இரு.”

தலையாட்டினான். அப்படிப்பட்ட பையன் சார்.

நான் ஊர் வந்து சேர்வதற்குள் அவன் முடிந்துபோனான். பள்ளத்தில் எங்களோடு இருந்த நேபாளி ஒருவன் படம் அனுப்பியிருந்தான். கையுறையை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. படத்தை அழித்துவிட்டேன்.

ஏஞ்சலின் கதவைத் திறந்து என்னைக் கட்டிக்கொண்டாள். “தம்பி எப்டி கீறான்?” என்று கேட்டாள். நல்லா கீறான் என்றேன். அந்த நேரத்தில் வேறு என்ன சொல்ல முடியும், நீங்களே சொல்லுங்கள். அவன் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள், புது நம்பர் கொடுத்திருக்கிறான், பேச விட மாட்டார்கள், எழுதலாம் என்றேன். அந்த நாட்டு சிம் ஒன்று என்னிடம் இருந்தது. அதை ஒரு பழைய போனில் போட்டு அவளுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். ‘சாப்ட்டேன் அக்கா.’ அன்று முழுக்க அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு நிறுத்த வழியில்லை. அவள் தினமும் பேசி அனுப்புவாள். பழைய கம்பெனியிலேயே மறுபடி சேர்ந்திருந்தேன்; அங்கே கழிப்பறையில் நின்று கேட்பேன். ஒருமுறை என்னைப் பற்றியே சொல்லியிருந்தாள். “மாமா தூங்கறதே இல்லடா. இன்னான்னு கேட்டா சொல்ல மாட்டேன்றாரு. நீ வந்தா சரியாயிடுவாரு.” சீக்கிரம் வருகிறேன் என்று பென்னி பதில் போட்டான்.

அந்தச் செய்திகளைத் தெரு முழுக்கக் காட்டினாள். எதிர்வீட்டு முத்தம்மாளின் மகன் வசந்தகுமார் அப்படித்தான் பார்த்தான். எங்கள் கம்பெனியில் ஹெல்பர். ஒருநாள் கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தான்.

“ராபின் அண்ணா, அந்த ஏஜென்ட் நம்பரு எனக்கும் குடு.”

“குளுரு தாங்க மாட்டடா.”

“பென்னியே தாங்கறான். நீ இன்னாத்துக்கு வாணான்ற?”

போகாதே என்றால் காரணம் கேட்பான். காரணத்தைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் ஏஞ்சலின் காதுக்குப் போய்விடும். நம்பரைக் கொடுத்தேன். அப்போதும் அவனுக்கு முழு நம்பிக்கை வரவில்லை. என் முகத்தில் எதையோ பார்த்திருக்க வேண்டும். “பென்னியாண்டயே கேட்டுக்கறேன்” என்று எழுந்துபோய் ஜன்னலோரம் நின்றான். ஏஞ்சலினிடம் அந்தப் புது நம்பரை வாங்கி வைத்திருந்தான்.

என் பையில் பழைய போன் அதிர்ந்தது. ‘டேய் பென்னி, நெசமா சொல்லு. அங்க நல்லா கீதா? வர்லாமா?’

அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே மேஜைக்குக் கீழே எழுதினேன். வராதே என்று எழுதத்தான் விரல் போனது, அது உண்மை. ஆனால் இடம் சரியில்லை என்று பென்னியே சொன்னால், ஏஞ்சலின் அவனை உடனே கிளம்பி வரச் சொல்லுவாள். அவன் எப்படி வருவான்? ‘சூப்பரா கீது, வா மச்சி’ என்று எழுதி அனுப்பினேன். வசந்தகுமார் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான்.

போன வாரம் பெட்டியில் வந்தான். முத்தம்மாள் என் பெயரைச் சொல்லிப் புகார் கொடுத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. பெற்ற வயிறு. ஆனால் நீங்கள் எழுதும்போது ஒன்றை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள் சார். வசந்தகுமாரை நான் வரச் சொல்லவில்லை. பென்னி சொன்னதை நம்பித்தான் அவன் போனான்.