நாலாம் நம்பர் ரூமுக்கு யாரும் வரலை

டீ வேணாம் சார். பொன்னேரியில நாஷ்டா முடிச்சுக்கினுதான் ட்ரெயின் ஏறினேன். பத்து மணிக்கு மேல கூட்டமே இல்லை, ஜன்னலோரமா உக்காந்து வந்தேன். ஏட்டு முனுசாமி சார் நிதானமா எழுதட்டும், எனக்கு அவசரம் ஒண்ணும் இல்லை.

பேரு சந்திரமோகன், வயசு இருபத்தொம்பது, தொழில் டிசைன். எங்கம்மா கங்கம்மாவைக் கேட்டீங்கன்னா, பையன் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறான்னு சொல்லும். அது இல்லை சார். மிஷின்ல ஆளுங்க அழுத்துற பட்டன் எங்க இருக்கணும், எத்தினி இருக்கணும், இன்னா கலர்ல இருக்கணும், அதை முடிவு பண்றது என் வேலை.

இந்த ரெண்டாயிரத்து எட்டு ஜூன்லதான் தொழிற்பேட்டையில தகடு அடிக்கிற அந்தக் கம்பெனியில கூப்பிட்டாங்க. அங்க பிரஸ் மிஷின் மூணு. அடியில தகடு வைக்கணும், மேல இருந்து அச்சு இறங்கி அடிக்கும். அதை இறக்க ரெண்டு பட்டன், இந்தக் கோடியில ஒண்ணு, அந்தக் கோடியில ஒண்ணு. ரெண்டு கையாலயும் ஒரே நேரத்துல அழுத்தினாத்தான் இறங்கும். பாக்கவே அசிங்கமா இருந்துச்சு. ஒரு வேலைக்கு எதுக்கு சார் ரெண்டு பட்டன்? முதல் மிஷின்ல ரெண்டையும் கழட்டிட்டு, நடுவுல பெருசா, பச்சையா ஒண்ணே ஒண்ணு வெச்சேன். நிமிசத்துக்குப் பதினொண்ணு அடிச்சது பதினாலு ஆச்சு. மொதலாளி எழுந்து வந்து கை குடுத்தாரு.

அந்த மிஷின்ல கல்பனான்னு ஒரு பொண்ணு. ரெண்டாவது வாரம் ஒரு கையுறையைக் கொண்டாந்து என் டேபிள் மேல வெச்சுது. நாலு விரல் நுனியும் அப்பளமா இருந்துச்சு. விரலைக் கடைசி நேரத்துல இழுத்துக்கிச்சாம். ஒரு கை பட்டன்ல இருக்கறப்போ இன்னொரு கை உள்ள போயிடுது சார்னு சொல்லிச்சு. கவனமா இருக்கணும்மான்னு சொல்லி அனுப்பினேன். ரிப்போர்ட்லயும் 'ஆபரேட்டர் கவனக்குறைவு'ன்னு எழுதினேன். எதையும் மறைக்கலை, நீங்க எடுத்துப் பாக்கலாம்.

இப்போ அந்தக் கேம்ப் விசயம். அக்டோபர் மாசம், ஞாயித்துக்கிழமை, பக்கத்துல ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல கம்ப்யூட்டர் ஆளுங்களும் டிசைன் ஆளுங்களும் கூடிப் பேசினோம். ஏற்பாடு பண்ணவங்கள்ல நானும் ஒருத்தன். இதுல தலைமை உரை கிடையாது, பொன்னாடை கிடையாது, குத்துவிளக்கு கிடையாது. வேடிக்கை பாக்க வர்றவங்கன்னே யாரும் கிடையாது, வந்தவங்க எல்லாருமே பேசலாம். ஒரு மஞ்சள் சீட்டுல தலைப்பு, ரூம், நேரம் எழுதி வராண்டா செவுத்துல ஒட்டிட்டா போதும். மத்தவங்க செவுத்தைப் பாத்து இஷ்டப்பட்ட ரூமுக்குப் போவாங்க. போர் அடிச்சா பாதியில எழுந்து வேற ரூமுக்குப் போலாம், யாரும் கோவிச்சுக்கக் கூடாது. அவ்ளோ ஜனநாயகம். சென்னையில இருந்து வந்தவங்க முதல் வேலையா பிளக் பாயிண்ட்டுக்கு அடிச்சுக்கினாங்க, கரண்ட்டே இல்லைங்கிறது அப்புறம்தான் தெரிஞ்சுது. 'கிராமத்துக்கு டெக்னாலஜி'ன்னு மூணு பேரு சீட்டு ஒட்டினாங்க. மூணு பேரும் கிராமத்தை ட்ரெயின்ல இருந்து பாத்தவங்க.

யார் வேணா வரலாம், யார் வேணா பேசலாம்னு நோட்டீஸ் அடிச்சு, கம்பெனி கேன்டீன்லயும் ஒண்ணு ஒட்டியிருந்தேன். அது ஒரு மரியாதைக்கு சார். நெஜமாவே கிளம்பி வந்துடுவாங்கன்னா நினைப்போம்?

ஆரோக்கியமேரி வந்துட்டாங்க. ரெண்டாவது மிஷின் ஆபரேட்டர், பதினாறு வருச சர்வீஸ். காலைப் பூசை முடிச்சு, நல்ல புடவை கட்டிக்கினு, ஒரு மரப்பலகையைத் துணியில சுத்தி எடுத்துக்கினு வந்திருந்தாங்க. பலகையில ரெண்டு கோடியிலயும் ஒரு காலிங்பெல் சுவிட்ச், நடுவுல ஒரு பல்பு. ரூல்ஸை முழுசா படிச்சாங்க. அன்னிக்கு அதைப் படிச்ச ஒரே ஆளு அவங்கதான்னு நினைக்கிறேன். ஒரு சீட்டு கேட்டு வாங்கி எழுதி ஒட்டினாங்க. என் சீட்டு, 'ஒரு பட்டன் போதும், ரூம் 1, 12 மணி.' அதுக்கு நேர் கீழ அவங்க சீட்டு, 'ரெண்டு பட்டன் ஏன் வேணும், ரூம் 4, 12 மணி.'

பெங்களூர்ல இருந்து ஒருத்தர் வந்திருந்தாரு. என் பட்டனை நாப்பது ஃபேக்டரிக்குக் கொண்டுபோற ஆளு. அவரு இன்னும் செவுத்துப் பக்கம் வரலை, வெளிய டீ குடிச்சுக்கினு இருந்தாரு. எந்த ரூமுக்கு வேணா போகலாம்னு அவருக்கு ரூல் சொல்லிக் குடுத்ததே நான்தான்.

பன்னெண்டு மணிக்கு என் ரூம்ல அறுபது பேரு. பெங்களூர்க்காரர் முதல் வரிசை. நல்லா கை தட்டினாங்க சார். பன்னெண்டே முக்காலுக்குப் பிரியாணி சாப்பிடப் போறப்போ நாலாம் நம்பர் ரூமை எட்டிப் பாத்தேன். அந்தம்மா காலி பெஞ்சுங்களுக்கு எதிர்ல தனியா உக்காந்துக்கினு இருந்தாங்க. பன்னெண்டுக்கே கரண்ட் வந்துடுச்சு. ரெண்டு சுவிட்சையும் அழுத்தினாங்க, பல்பு எரிஞ்சுது. ஒரு கையை எடுத்தாங்க, அணைஞ்சுது. நல்ல டெமோ. சின்னப் புள்ளைக்குக்கூட புரியும்.

"சார், என் சீட்டு செவுத்துல காணமே"ன்னாங்க.

"யாரும் வரலைன்னா, அந்த விசயத்துல யாருக்கும் ஆர்வம் இல்லைன்னு அர்த்தம்மா. இங்க அதான் ரூல்."

பலகையைத் துணியில சுத்திக்கினே, "நாளைக்கு என் மிஷின்லயும் ஒரே பட்டன்தானா சார்? ரெண்டு கையும் வெளிய இருக்கட்டும்னுதானே அந்தக் காலத்துல ரெண்டு வெச்சாங்க"ன்னாங்க.

பழகிடும்மான்னு சொன்னேன். பிரியாணி வாங்கிக்கினு போங்கன்னும் சொன்னேன். வாங்கலை.

திங்கக்கிழமை பட்டன் மாத்தினோம். புதன்கிழமை காலை ஷிப்ட்ல அந்தம்மாவுக்கு வலது கையில நாலு விரல் போயிடுச்சு. இடது கை பட்டன்ல, வலது கையால தகட்டைத் திருப்பி விட்டிருக்காங்க. பதினாறு வருசமா வராத கவனக்குறைவு. எனக்கும் வருத்தம்தான் சார். ஆப்பிள், சாத்துக்குடி வாங்கிக்கினு ஆஸ்பத்திரிக்குப் போனேன், அவங்க வீட்டுக்காரர் உள்ள விடலை. பெங்களூர்க்காரருக்கு இன்னும் விசயம் தெரியாது. அவரு கேக்கலை, நானும் சொல்லலை. அடுத்த மாசம் நாப்பது இடத்துலயும் மாத்துறாங்க.

சீட்டு ஃபேன் காத்துல விழுந்திருக்கும்னு போன வாரமே எழுதிக் குடுத்திருக்கேன். பத்துல இருந்து பன்னெண்டு வரைக்கும் கரண்ட் கட் ஆச்சே, வராண்டாவுல எந்த ஃபேன் ஓடுச்சுன்னு கேக்குறீங்க. நியாயமான கேள்விதான்.

அதுக்கு முன்னாடி ஏட்டு சார் எழுதினதுல ஒண்ணு திருத்தணும். புகார்ல இடது கை கட்டைவிரல் ரேகை இருக்குன்னு, அந்தம்மாவை எழுதப் படிக்கத் தெரியாதவங்கன்னு போட்டுட்டாரு. தப்பு சார். முத்து முத்தா எழுதுவாங்க. ஒருத்தரைப் பத்தி இப்படிப் பொய்யா பதிவு பண்ணக் கூடாது, எனக்கு மனசு கேக்காது. இந்தாங்க, அவங்க எழுதின சீட்டு, என் பர்ஸ்லயே இருக்கு. பதினொன்றரை மணிக்கு, பெங்களூர்க்காரர் டீ குடிச்சுட்டு உள்ள வர்றதுக்கு முன்னாடி, செவுத்துல இருந்து நான்தான் எடுத்தேன்.

கிழிக்கலை, கசக்கலை. பாருங்க சார், ஒரு மடிப்புகூட இல்லை.