மறதிப் பரீட்சை

தேங்காய்ப்பட்டணம் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்த பெண், பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்: “வாப்பா மறதிப் பரீட்சையில தோத்துப் போனாரு லாத்தா.”

அந்த வாப்பா ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்தார்.

“அதென்ன பரீட்சை மோளே?”

“ஆஸ்பத்திரியில டாக்டர் பிள்ள கேள்வி கேட்டா. கடியாரம் வரையச் சொன்னா. வள்ளத்துல மீன் பிடிக்கப் போன மனுசன், பென்சிலப் பிடிச்சதே இல்ல. இது என்ன மாசம்னு கேட்டதுக்கு ரஜபு மாசம்னாரு. தப்புன்னு எழுதிட்டா.”

“நம்ம பிறைக் கணக்குக்கு இப்போ ரஜபுதானே?”

“நானும் அதத்தான் சொன்னேன். அவ பேப்பரக் கீழ வச்சிட்டா. ‘இது வேற எங்கயோ உள்ளவங்களுக்காக எழுதின கேள்விம்மா’ன்னா. பொறவு மீனு, காத்து, பள்ளிவாசல் பாங்கு நேரம் எல்லாம் கேட்டா. வாப்பா டக்குடக்குன்னு சொன்னாரு.”

“அல்ஹம்துலில்லாஹ். அப்போ மறதி இல்லியா?”

அவள் வாப்பாவின் தலை கம்பியில் இடிக்காதபடி தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

“கடைசியில என்னக் காட்டி, இது யாருன்னு கேட்டா. ‘என்னைய நல்லாப் பாத்துக்கிடுத பொம்பள’ன்னாரு. டாக்டர் பிள்ள ஒண்ணும் எழுதாம என் முகத்தப் பாத்தா. சரின்னு போடுங்கன்னு சொல்லிட்டேன் லாத்தா.”