ரெஹானின் கம்ப்யூட்டர் ஏன் ஓடவில்லை

கேபினெட்டின் பக்கவாட்டுக் கண்ணாடியைத் துடைக்க மூக்குக்கண்ணாடித் துணியே போதும், ஹம்மாத் அண்ணா. தனியாக ஒன்றும் வாங்க வேண்டாம். ரெஹானிடமும் இதைத்தான் சொன்னேன். ஓடாத கம்ப்யூட்டரை அவன் தினமும் துடைத்து வைக்கிறான். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஷார்ஜாவிலிருந்து நீங்கள் அனுப்பிய குரல் செய்தியைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். "டேய் அசோகு, என் தம்பி பொட்டி ஏன்டா இன்னும் ஆன் ஆவல? மெஹபூப் அலி பாய் ஒடஞ்ச போர்டைத் தலைல கட்டிட்டாரா? லீவுல வரசொல்ல கடையாண்ட போய் நாலு பேரு முன்னாடி கேக்கறேன் பாரு." நீங்கள் அந்தக் கடைக்குப் போகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுவேன். ஒரு படியை விட்டுவிட்டால், விட்டது எது என்ற சந்தேகத்திலேயே எனக்கு மீதி மறந்துபோகும்.

நீங்கள் ஊரில் இருந்தபோது திருவல்லிக்கேணி வீட்டில் அண்ணனும் தம்பியும் விளையாடுவீர்கள். நான் சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து சைக்கிளில் வந்து பின்னால் உட்கார்ந்து பார்ப்பேன். "அசோகு நம்ம டீமுல கூல்டிரிங்ஸ் டிபார்ட்மென்ட்" என்பீர்கள். எனக்கு வருத்தமில்லை. பாட்டில் வாங்கி வருவதையும் ஒருவர் ஒழுங்காகச் செய்ய வேண்டும் அல்லவா.

நீங்கள் வேலைக்கு ஷார்ஜா போனதும் ரெஹான் கொஞ்ச நாள் யாரோடும் பேசவில்லை. பிறகு என்னோடு பேசினான். என்னோடு மட்டும்.

அப்புறம்தான் இந்த கம்ப்யூட்டர் யோசனை வந்தது. இங்கே அவன் ஒன்றைச் சேர்த்துக் கட்டுவது, அங்கே உங்களிடம் இருக்கும் லேப்டாப்பில் நீங்கள் உட்காருவது, வெள்ளிக்கிழமை மாலைகளில் நெட்டில் சேர்ந்து விளையாடுவது. "போன்ல அண்ணன்கிட்ட 'துன்னியா, தூங்குனியா'க்கு மேல வாய் வர மாட்டேங்குது மச்சி. வெளாடுனாதான் எங்களுக்குப் பேச்சே வரும்" என்றான். நான் தி. நகரில் மாலை நேர ஹார்டுவேர் வகுப்புக்குப் போகிறவன். ஆகவே எதோடு எது பொருந்தும் என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது.

முதல் தப்பு உண்மையான தப்பு. பட்ஜெட் சின்னது என்பதால், உள்ளேயே கிராபிக்ஸ் இல்லாத மலிவான பிராசஸரைச் சொன்னேன். கிராபிக்ஸ் கார்டை அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம் என்று கணக்கு. அதுவரை திரையில் படம் வர வழியே இல்லை என்பது எனக்குத் தோன்றவில்லை. சுவிட்சைப் போட்டோம். மின்விசிறிகள் சுற்றின, வண்ண விளக்குகள் எரிந்தன, திரை மட்டும் கருப்பாகவே இருந்தது.

"இன்னா மச்சி, காத்து நல்லா வருது. நம்மாளு கம்ப்யூட்டர் கேட்டா டேபிள் ஃபேன் கட்டிக் குடுத்துக்கீறான்" என்றான் ரெஹான்.

எனக்கு அழுகை வரும்போல இருந்தது. அவன் சிரித்துவிட்டு, கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்கு என்னை இழுத்துப் போனான். கடை கடையாக ஏறி இறங்கினோம். திரும்பும்போது மெரினாவில் உட்கார்ந்தோம். அன்று கூல்டிரிங்ஸை அவன் போய் வாங்கி வந்தான்.

அடுத்து நான் சொன்ன கிராபிக்ஸ் கார்டு கேபினெட்டுக்குள் நுழையவில்லை. விரற்கடை நீளம் கூடுதல். உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்று நான் அளக்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். அளந்தேன். நான் எதையும் இரண்டு முறை அளக்கிறவன்.

கேபினெட்டை மாற்ற இன்னொரு பயணம். அதற்குப் பிறகு, எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ். அந்தக் கார்டுக்குத் தனியாக ஒரு பவர் வயர் வர வேண்டும். நான் கேட்ட எஸ்எம்பிஎஸ்ஸில் அது கிடையாது. ரிச்சி தெருக் கடையில் மெஹபூப் அலி பாய் அதைக் கையிலெடுத்ததுமே சொல்லிவிட்டார்: "நைனா, இதுல அந்த வயரே லேது. அந்தக் கார்டு குடிக்கிற கரண்டுக்கு இது தாங்காது. நீ கிளாஸுக்குப் போறியா, இல்ல கிளாஸ் வாசல்ல நின்னுட்டு வர்றியா?"

எங்கள் வகுப்பு வேதாந்தம் சார் இதைத்தான் வாங்கச் சொன்னார் என்றேன். சார் அப்படிச் சொல்லவில்லை. நேர்மாறாகச் சொல்லியிருந்தார். அதனால்தான் எனக்கு அது ஞாபகம் இருந்தது.

இப்படியே வெள்ளிக்கிழமைகள் போயின. "இந்த வாரமும் ஆவல" என்று ரெஹான் உங்களுக்கு அனுப்புவான். ஒருமுறை நீங்கள் பதிலுக்கு அனுப்பிய படத்தைக் காட்டினான். தலையில் ஹெட்போன், பக்கத்தில் மூடி வைத்த சாப்பாட்டுத் தட்டு. உங்கள் ரூமில் மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவன் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கும் படத்தில் நீங்கள் இளைத்தது போலத்தான் தெரிந்தது.

நான் கெடுத்தேன் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. காலையில் அவன் மயிலாப்பூரில் வேலைக்குப் போக வேண்டும். கண் கெடும். கரண்ட் பில் உங்கள் அம்மி தலையில் விழும். இவற்றையெல்லாம் யாராவது யோசிக்க வேண்டும். உங்கள் அம்மி கேலி செய்துகொண்டேதான் டீ கொடுத்தார்கள்: "இன்னாப்பா அசோக், உங்க வீட்ல ஜாதகம் பாக்கறதுகூட ஒரு வாரத்துல முடிஞ்சிடுமே. இந்தப் பொட்டிக்கு இன்னாப்பா இவ்ளோ பொருத்தம் பாக்கறே?"

பெருநாள் நெருங்கியது. அன்று சாயங்காலமாவது நீங்கள் இரண்டு பேரும் விளையாடுவது என்று பேசி வைத்திருந்தீர்கள். மெஹபூப் அலி பாய், என்னைக் கேட்காமலே, சரியான எஸ்எம்பிஎஸ்ஸைக் கொடுத்தனுப்பிவிட்டார். அதோடு பொருந்தாதது என்று ஒன்றுமே மிச்சமில்லை.

பிறை பார்த்த சாயங்காலம் அது. ரெஹான் பள்ளிவாசலுக்குக் கிளம்பினான். "நான் தொழுதுட்டு வந்துடறேன். நீ பேஸ்ட் மாத்தி மாட்டி வை மச்சி. உன்ன நம்பிதான் கீறேன்" என்றான். பிராசஸரின் சூட்டை இறக்கத் தடவும் பழைய பேஸ்ட்டைத் துடைத்தேன். பிராசஸரைக் கழற்றினேன். மதர்போர்டில் அது உட்காருகிற குழியில் மயிரிழை போன்ற பின்கள் நெருக்கமாக நிற்கும். இதை மட்டும் தொடாதீர்கள் என்று வகுப்பில் முதல் நாளே சொல்லித் தருவார்கள். வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, ஒரு மூலையில் சிலவற்றை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் படுக்க வைத்தேன். சத்தம் எதுவும் வரவில்லை. போதுமா என்று சந்தேகமாக இருந்ததால் பக்கத்து வரிசையிலும் கொஞ்சம். பிறகு பிராசஸரை வைத்து, புதுப் பேஸ்ட் தடவி, சுத்தமாக மூடினேன். பேஸ்ட்டை இவ்வளவு சீராக நான் இதற்கு முன் தடவியதே இல்லை.

அவன் வந்து சுவிட்சைப் போட்டான். மறுபடி போட்டான். "அண்ணன்கிட்ட நாளைக்கு கண்டிப்பானு சொல்லிட்டனேடா" என்றான். அப்புறம் தரையில் உட்கார்ந்து கேபினெட்டின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டான். நான் அவன் தோளில் கை வைத்தேன். நான் மட்டும் பக்கத்தில் இல்லையென்றால் இவன் என்ன ஆகியிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் உங்கள் அம்மி எனக்குப் பெருநாள் பாயசமான ஷீர் குர்மாவை இரண்டாவது தடவையும் ஊற்றினார்கள். பாவம், பிள்ளைக்காக இவ்வளவு அலைகிறானே என்றார்கள்.

பிராசஸரைக் கழற்றிப் பார்த்து வளைந்த பின்களைக் கண்டுபிடித்த ரெஹான், பெருநாள் கழிந்து கடை திறந்ததும் போர்டைத் தூக்கிக்கொண்டு போனான். நானும் கூடப் போனேன். "புதுசுனு சொல்லி பின்னு வளஞ்சத குடுத்துக்கீறியே பாய்!" என்று வாடிக்கையாளர்கள் முன்னால் கத்தினான். மெஹபூப் அலி பாய் என்னைப் பார்த்தார். "அசோகு, நான் குடுக்கசொல்ல நீதானே டார்ச்சு அடிச்சுப் பார்த்தே? நல்லாதானே இருந்துச்சு?" என்றார். சரியாக ஞாபகமில்லை என்றேன். நான் சந்தேகப் பேர்வழி என்பது ஊருக்கே தெரியும். யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. வாங்க வந்திருந்த இரண்டு பேர் இறங்கிப் போனார்கள்.

ஆகவே, அண்ணா, அவர்மேல் குற்றமில்லை. போர்டுமேலும் இல்லை. பின்களை வளைத்தது நான். கார்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் தெரிந்தே சொன்னது. இதை ரெஹானிடம் சொல்லிவிடாதீர்கள். நீங்களும் தூரத்தில் இருக்கிறீர்கள், இப்போது அவனுக்கு என்னை விட்டால் யாருமில்லை.

லீவில் வரும்போது நீங்களே ஒரு புதுப் போர்டு வாங்கி வரப்போவதாக அவன் சொன்னான். அவசரப்பட்டு வாங்கிவிட வேண்டாம். எந்த மாடல் பொருந்தும் என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.