மழை வரும் நேரத்து மங்குஸ்தான்

கெட்டியான பழமே நல்ல பழம் என்று நம்பிய மடையன் நான். பிரிக்பீல்ட்ஸ் சந்தையில் அப்படித் தேடித் தேடிப் பொறுக்கி, ஒரு கூடை மங்குஸ்தானை ஐம்பது காசுக்கு வாங்கிக்கொண்டு கிள்ளான் ரயிலில் மூன்றாம் வகுப்பில் ஏறினேன். எதிர்ப் பலகையில் இரண்டு பெண்கள். மூத்தவள் மடியிலும் அதே அளவுக் கூடை, அதே பழம்.

“மழை வரணும்னு மாரியாத்தாளை வேண்டிக்கிட்டேன் புள்ளே. வானம் கறுத்ததும் கூடைக்காரன் இருவது காசுக்குத் தள்ளிட்டான்.”

“மலிவுன்னா சொத்தையா இருக்கப் போவுது, அக்கா. உங்க சம்பந்தியம்மா சும்மா விடுவாங்களா?”

“போன தடவை என் பழத்தைக் கோழிக்குப் போட்டவதானே? இன்னிக்குத் தின்னுட்டுக் கூடையையும் நக்குவா, பாரு. ஒவ்வொண்ணா அமுக்கிப் பாத்துல்ல எடுத்தேன். கட்டைவிரலுக்கு அமுங்கினாத்தான் உள்ளே சுளை வெள்ளையா இருக்கும்.”

சொன்னதோடு நிற்காமல் ஒன்றைப் பிளந்து காட்டினாள். சுளை பஞ்சாக வெளுத்திருந்தது.

என் கூடையிலிருந்து ஒரு பழத்தை மட்டும் மெல்ல நீட்டினேன். அக்கா அதை அமுக்கினாள். இரண்டு கையாலும் அமுக்கினாள். பிறகு பலகையில் டொக் டொக்கென்று தட்டினாள்.

“ஆணி அடிக்க வச்சுக்குங்க, தம்பி.”