காப்பிக்குப் பின் ஒரு சோதனை

காப்பி விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன், சார். சிக்கரி கலந்தால் தொட மாட்டேன். நீங்கள் சந்தேகப்படுவதுபோல அன்று அதில் வேறு எதையும் கலக்கவில்லை. திக்கான டிகாஷன், பால், சர்க்கரை. அவ்வளவுதான்.

சகாயமும் நானும் அன்னூரில் ஒரே தெருவில் பிறந்தவர்கள். இருவரின் அம்மாக்களும் ஒரே தோட்டத்தில் களை எடுத்தவர்கள். மிஷன் பள்ளியில் ஒரே பெஞ்ச். பிறகு கோவையில் ஒரே கல்லூரியில், உளவியல் துறையில் வேலை. அவன் மனைவி டெய்சி என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள்.

குடித்தவனின் மூளையைக் காப்பி என்ன செய்கிறது என்பது என் ஆராய்ச்சி. கோவையில் கணபதிப் பகுதியில் பட்டறை வேலை செய்பவர்கள் வேலை முடிந்து பிராந்தி குடித்தபின் உட்காரவைத்துச் சோதிப்பேன். ஓர் அடி ஸ்கேலை அவர்கள் விரல்களுக்கு நடுவே தொங்கவிட்டு, சொல்லாமல் விட்டுவிடுவேன். குடிக்காதவர் சட்டென்று பிடித்துவிடுவார். குடித்தவர் பிடிப்பதற்குள் அது தரையில் கிடக்கும். காப்பி கொடுத்தால் கண் விரியும், பேச்சு தெளியும். "இப்ப நான் ஸ்டெடிங்க" என்பார்கள். ஸ்கேல் மட்டும் முன்போலவே நழுவும். காப்பியால் தூக்கம் போகிறது. மூளையின் தாமதம் அப்படியே இருக்கிறது. அது இருப்பதுதான் ஆளுக்குத் தெரியாமல் போகிறது.

இரண்டு வருஷ உழைப்பு. கட்டுரையாக எழுதி, படித்துப் பார்க்கச் சொல்லிச் சகாயத்திடம் கொடுத்தேன். தொண்ணூற்றாறில் அவன் பெயரில் வெளிவந்தது. போய்க் கேட்டேன்.

"உன்ற பேரு உட்டுப்போச்சு, பிரகாசு. அடுத்ததுல போட்டுக்கலாம், உடு கண்ணு."

அவனைத் துறைத் தலைவராக்கினார்கள். நான் கை கொடுத்தேன். கணபதியில் இருக்கும் என் வீட்டுக்கு இருவரையும் விருந்துக்கு அழைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஸ்கூட்டரில் வந்தார்கள். பிரியாணி, பிராந்தி. நான் குடிக்கவில்லை, ஊற்றினேன்.

அன்னூரில் இருக்கும் அவர்கள் வீட்டுக்குக் கிளம்பும்போது அவனே தயங்கினான். அதை மறைக்க மாட்டேன்.

"டெய்சி, வண்டிய இங்கயே உட்டுப்போட்டு பஸ்ல போயிரலாம். தலை கிர்ருங்குது."

அப்போதுதான் காப்பி போட்டேன். இரண்டு டம்ளர் குடித்தான். நிமிர்ந்து உட்கார்ந்தான். மீசையைத் தடவிக்கொண்டான்.

"அன்னூரென்னடா, இப்ப மைசூருக்கே ஓட்டுவேன்."

அந்தக் கட்டுரையை எழுதியவன் பேசுகிற பேச்சா, சார், இது?

டெய்சி நம்பவில்லை. "நேத்து பொறந்த கோழிக்குஞ்சாட்ட நிக்கிறாரு, மைசூராம். ஏனுங்கண்ணா, இவரு ஓட்டலாமுங்களா? நீங்க சொன்னாச் சரி."

"சோதிச்சே பார்த்துரலாம், அம்மணி" என்று ஸ்கேலை எடுத்தேன். பிடி என்றேன். பிடித்தான். மறுபடியும் பிடி என்றேன். மறுபடியும் பிடித்தான். டெய்சி சிரித்துக் கைதட்டினாள்.

கோவில்பாளையம் தாண்டி ஒரு டிராக்டர் குறுக்கே வந்திருக்கிறது. அவன் பார்த்துவிட்டானாம். பிரேக்குக்குத்தான் கால் போகவில்லை. அவனுக்கு ஒரு கை முறிந்தது. டெய்சியை மறுநாள் அடக்கம் செய்தோம்.

குடித்தவன் எப்படி ஸ்கேலைப் பிடித்தான் என்கிறீர்கள். பட்டறைக்காரர்களுக்குச் சொல்லாமல் விடுவேன் என்றேனல்லவா? அவனுக்குப் பிடி என்று சொல்லி, அவன் விரல்கள் மூடத் தொடங்கியபின் விட்டேன். சின்னக் குழந்தைகூடப் பிடிக்கும். அது சோதனையே இல்லை. ஒரே ஒரு நாள் என்னோடு பட்டறைக்கு வந்திருந்தால் அவனுக்குத் தெரிந்திருக்கும். தெரியவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாமே என்றால், நிறுத்தியிருக்கலாம். வாசலில் டெய்சி இன்னொரு முறை என் முகத்தைப் பார்த்தாள். அவன் ஓட்டினால் என்ன ஆகும் என்று கோவையில் என்னைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை. "தைரியமா ஏறு, அம்மணி" என்றேன். ஏறினாள்.

அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, சார். கூடப் பிறந்தவள் மாதிரி. துரோகம் செய்தவன் சகாயம்தான். என் வாக்குமூலத்தை எழுதும்போது அதை மட்டும் மாற்றிவிடாதீர்கள்: அந்த ஆராய்ச்சி பிரகாசத்தினுடையது.